வெல்மா படிக்காத ஒரு வரி

வெல்மா ப்ரொகோப்சுக் எதையும் படிக்காமல் விடுகிறவள் இல்லை. ஓட்ஸ் டப்பாவின் பின்பக்கம், குளிர்காலப் பூட்ஸின் உத்தரவாதச் சீட்டு, பல் டாக்டர் கையெழுத்துக்கு நீட்டுகிற நாலு பக்கப் படிவம், எல்லாவற்றையும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விட்டால் விடட்டும் என்பாள். அப்படிப்பட்டவள் ஒன்பது வருஷமாக ஒரே ஓர் ஆளின் வேலைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுத்து வந்தாள். அந்த ஆள் லைல் என்ஸ்.

இருவருக்கும் வேலை மெடோலார்க் என்ற கம்பெனியில். சாஸ்கட்டூன் நகரத்தில், ரயில் யார்டைத் தாண்டி, டயர் கடைக்கு மாடியில் இருந்தது ஆபீஸ். மொத்தமே பத்தொன்பது பேர். மாகாணத்தில் நாற்பத்தியொரு சின்ன ஊர்களின் குடிநீர் நிலையங்களுக்கு அவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்தான். எந்த பம்பு எப்போது ஓடவேண்டும், எவ்வளவு குளோரின் விழவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. அந்த நிரலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கிடங்கில் வைத்திருந்தார்கள். எந்த வரியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள், அதற்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் நினைவு வைத்திருக்கிற கிடங்கு அது. வெல்மாதான் அதன் காவல்காரி. ஒவ்வோர் ஊர் பம்பு வீட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். தினமும் ஒருமுறை அது கிடங்கைக் கூப்பிட்டு, புதிதாக ஏதாவது இருந்தால் வாங்கிக்கொள்ளும்.

அவள் இதற்கெல்லாம் படித்தவள் இல்லை. இங்கே வருவதற்கு முன்னால் கனோரா பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வசந்தகாலத்தில் அந்த ஊர்த் தண்ணீர் கெட்டுப்போயிற்று. பத்து நாள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று உத்தரவு. அந்தப் பத்து நாளும் ஆபீஸ் போனை எடுத்தவள் வெல்மா. 'குழந்தைக்குப் பால் கலக்கலாமா', 'பல் தேய்க்கலாமா', 'நேத்து குடிச்சதுக்கு என்ன பண்றது' என்று ஊரே கேட்டது. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஜனங்கள் அன்றைக்கு நம்ப ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் தண்ணீர் விஷயத்தில் யாராவது அலட்சியமாகப் பேசினால் அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

அவள் மூன்று வருஷம் போராடியது பூட்டுக்காக. பெட்டியும் கிடங்கும் பேசத் தொடங்கும் முன்னால் எந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு பேசுவது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். அப்போதுதான் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவோ, பொய் நிரலை நுழைக்கவோ முடியாது. பழைய பெட்டிகளுக்குப் பழைய பூட்டு மட்டுமே தெரியும். அதையோ இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ரெண்டு நாளில் திறந்துவிடலாம். கிடங்கு வேறு ரொம்ப மரியாதை பார்க்கும். 'உனக்குப் பழசுதான் தெரியுமா, சரி, பழசிலேயே பேசுவோம்' என்று இறங்கி வந்துவிடும். இறங்கவே கூடாது என்றாள் வெல்மா.

"பலமான பூட்டு வேணும்னா ஆன் பண்ணிக்கலாமே, செட்டிங் இருக்கே," என்றான் முதலாளி டெரன் ஹூஃபர்.

"யார் ஆன் பண்ணுவா? நீங்க பண்ணினீங்களா உங்க வீட்டுல? யாரும் எதையும் தொடாம விட்டா என்ன இருக்குமோ, அதுதான் பலமா இருக்கணும். பலவீனம் வேணும்னா அதைக் கேட்டு வாங்கட்டும். அதுவும் நம்ம கிட்ட கிடைக்காது."

மூன்றாவது வருஷம் லைல் எழுந்து நின்று, "வெல்மா சொல்றது சரி. என் ஓட்டு அவளுக்கு," என்றான். லைல் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் ஆபீஸ் கேட்கும். டெரன் தலையாட்டினான்.

அந்த நவம்பரில் நாற்பத்தியொரு ஊர்களின் தண்ணீர்க்காரர்களும் கூடிய கூட்டத்தில் வெல்மா மைக்கைப் பிடித்தாள். "பிப்ரவரி ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் பழைய பூட்டோட வர்ற எந்தப் பெட்டிக்கும் எங்க கதவு திறக்காது. ஒரு பெட்டிக்கும் கிடையாது. இது என் வார்த்தை."

"எங்க ஊர்ப் பெட்டியை விட எனக்கே வயசு கம்மி. அதை யாரும்மா மாத்துறது?" என்று பின்வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். சிரிப்பு.

பழைய பெட்டிகள் பதினோரு ஊரில் இருந்தன. தெற்கே ஆறு, வடக்கே ஐந்து. "தெற்கு நான். வடக்கு லைல் என்ஸ். ஜனவரி பனியில நானூறு கிலோமீட்டர் ஓட்டத் தானா கேட்டு வாங்கியிருக்கார். ஒரு கை தட்டுங்க," என்றாள் வெல்மா. நன்றாகவே தட்டினார்கள். லைல் நாற்காலியில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கூச்சம் என்று நினைத்தாள்.

லைலை அவள் ஏன் அப்படி நம்பினாள் என்றால், அதற்குக் கர்லிங் காரணம். வியாழக்கிழமை தோறும் ஒரே அணியில் ஆடுகிறவர்கள் அவர்கள். நாற்பது பவுண்டு கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட்டு, முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் கல் போச்சு. ஆனால் அதைப் பார்க்க நடுவர் என்று யாரும் கிடையாது. பட்டவரே கையைத் தூக்கவேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோப்பைக்கான கடைசி ஆட்டத்தின் கடைசிக் கல் போய் நடுவட்டத்தில் நின்றது. ஜெயித்துவிட்டார்கள். அணியே கத்தியது. லைல் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். "பட்டுச்சு," என்றான். ஒருவரும் பார்க்கவில்லை. எதிரணியே நம்பவில்லை. கோப்பை போயிற்று. அன்றைக்கு வெல்மா அழுதாள், திட்டினாள், காரில் வரும்போது பேசவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவனுடைய மாற்றங்களை அவள் படிப்பதை விட்டுவிட்டாள். யாரும் பார்க்காதபோது கை தூக்குகிறவன் எழுதியதை எதற்காகச் சரிபார்க்கவேண்டும்?

ஆபீஸ் விதி என்னவோ கறாரானது. யார் எந்த மாற்றம் செய்தாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் அது கிடங்குக்குள் போகும். வெல்மா மற்றவர்களுடையதை அரித்தெடுப்பாள். லைலுடையது வந்தால் மூன்று விநாடியில் 'பார்த்தாச்சு' என்று அழுத்திவிடுவாள். அவனும் அவளுடையதை அப்படித்தான். "கல்யாணமான ஜோடி கூட இப்படி நம்பாது," என்று ரொவேனா கேலி செய்வாள். ரொவேனா மக்பனுவா மணிலாவிலிருந்து வந்தவள், சேர்ந்து நாலு வருஷம். ஒரு வரி மாற்றத்தைக் கூட இருபது நிமிஷம் படிப்பாள். அவளிடம் யாரும் எதையும் அனுப்ப விரும்புவதில்லை.

ஜனவரியில் வெல்மா தெற்கே போய் ஆறு ஊரையும் முடித்தாள். ஒரு நாள் மைனஸ் முப்பத்தெட்டு. கையுறையைக் கழற்றினால்தான் திருகாணி பிடிபடும், கழற்றினால் விரல் போகும். வடக்குக்கான ஐந்து புதுப் பெட்டிகளையும் அவளே அட்டையில் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி லைலிடம் கொடுத்திருந்தாள். அவன் மூன்று தடவை வடக்கே போனான். வந்து, "அஞ்சும் முடிஞ்சுது," என்றான். பட்டியலில் ஐந்து டிக் அடித்தாள்.

ஜனவரி முப்பது, வியாழன், சாயங்காலம் நாலு பத்து. லைலின் மாற்றம் ஒன்று வந்தது. தலைப்பு, 'கோப்புகளுக்குப் பெயர் மாற்றம்.' இரண்டாயிரத்து முந்நூறு வரி. லைல் கோட்டை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான்.

"அழுத்து வெல்மா. ஐஸ் காத்துக்கிட்டிருக்கு."

"இரு இரு, அழுத்தியாச்சு. உனக்கு இன்னைக்கு என்ன அவசரம்?"

அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அவனை வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். ஒரு வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். போன வருஷக் குளிரில் அவன் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி, மூன்று மணி நேரம் உள்ளேயே கிடந்தான். அதற்கப்புறம், 'கண்ணு சரியில்ல, நீயே ஓட்டேன்' என்றான். சரி என்றாள். கண் டாக்டரிடம் போனாயா என்று கூட அவள் கேட்கவில்லை, கண் சரியில்லாதவன் வடக்கே நானூறு கிலோமீட்டர் எப்படி ஓட்டுவான் என்றும் யோசிக்கவில்லை. படிக்காத பழக்கம் அதுவரைக்கும் நீண்டிருந்தது.

மார்ச் இரண்டாவது வாரம், காலை பத்து மணிக்கு ஒரு போன். வடக்கே ஆட்டர் நேரோஸ் ஊரின் தண்ணீர்க்காரர் மார்செல் கோட்ரி.

"வெல்மா, உங்க மேல புகார் சொல்லக் கூப்பிடல. ஒரு சந்தேகம்தான். பழைய பெட்டிக்குக் கதவு திறக்காதுன்னீங்கல்ல கூட்டத்துல?"

"ஆமா. ஏன், புதுப் பெட்டி மக்கர் பண்ணுதா?"

"புதுப் பெட்டியா? எது? எங்க கிட்ட பழசுதான் இருக்கு. ஜனவரில யாரோ வருவாங்கன்னு நானும் பார்த்தேன், பார்த்தேன், ஒருத்தரும் வரல. ஒண்ணாம் தேதி நின்னுடும்னு பயந்துக்கிட்டிருந்தேன். நிக்கவும் இல்ல. இன்னைக்குக் காலைல கூட உங்களைக் கூப்பிட்டுப் பச்சை விளக்கு எரிஞ்சுது. நல்லதுதானே, ஆனா நீங்க சொன்னா சொன்னதுதான்னு தெரியும். அதான் கேக்கறேன்."

"நான் திரும்பக் கூப்பிடறேன் மார்செல்," என்றாள். கிடங்கின் வருகைப் பதிவைத் திறந்தாள். ஆட்டர் நேரோஸ், பழைய பூட்டு, அனுமதி. அதற்குக் கீழே இன்னொரு ஊர். இன்னொன்று. ஐந்தும் வடக்கு.

எங்கோ ஒரு வரி கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அவள் அதைத் தேடிப் பிடித்தாள். 'பலமான பூட்டு சேராவிட்டால் பழையதற்கு இறங்கு.' நாலைந்து சொல்லில் அவளுடைய மூன்று வருஷம் போயிற்று. வரியை யார் எழுதியது என்று கிடங்கைக் கேட்டாள். அது யோசிக்கவே இல்லை. எழுதியவர் லைல் என்ஸ். ஜனவரி முப்பது. ஒப்புதல் கொடுத்தவர் வெல்மா ப்ரொகோப்சுக். நாலு பத்து.

இரண்டாயிரத்து முந்நூறு வரியையும் அப்போது உட்கார்ந்து படித்தாள். பெயர் மாற்றம், பெயர் மாற்றம், பெயர் மாற்றம், ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் அந்த ஒரு வரி, மறுபடி பெயர் மாற்றம். தவறி விழுந்த வரி இல்லை அது. நடுவில் வைத்து மூடியிருந்தான். கைத்தவறுதலாக இருந்திருக்கக் கூடாதா என்று கடவுளை வேண்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

மத்தியானம் லைல் சாப்பாட்டுப் பையை எடுக்கக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினான். வெல்மாவும் பின்னாலேயே இறங்கினாள். இஞ்சின் உறையாமல் இருக்க வரிசையாகக் கார்களெல்லாம் கம்பத்து மின்சாரத்தில் செருகப்பட்டு நின்றன. அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆட்டர் நேரோஸ் பெட்டி எங்க, லைல்?"

அவன் காரிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்தான். பிறகு, "என் கராஜ்ல," என்றான். "படகுக்கு அடியில."

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"மூணு தடவை போனியே!"

"போனேன். பிரின்ஸ் ஆல்பர்ட் பாலம் வரைக்கும். அதைத் தாண்டி ரோட்டுல வெள்ளையாப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பிச்சுடும். ஓரமா நிறுத்தி உக்காந்துட்டுத் திரும்பிடுவேன். மூணு தடவையும் அதேதான்."

ஒரு கணம் வெல்மாவுக்கு அவன் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"என் கிட்ட சொல்லக் கூடாதா? நான் போயிருக்க மாட்டேனா? ஆறு ஊரு போனவளுக்கு அஞ்சு ஊரு பெருசா?"

"கேட்டு வாங்கினா பயம் போயிடும்னு நினைச்சேன். நீ எல்லார் முன்னாடியும் கை தட்ட வச்ச. அப்புறம் எந்த மூஞ்சியோட வந்து சொல்றது?"

"அதனால ஓட்டை போட்டுட்ட."

"அஞ்சு ஊருக்குத்தானே வெல்மா. கோடை வந்ததும் போய் மாத்திட்டு வரியை எடுத்துடலாம்னு..."

"அஞ்சு ஊருக்கா? இறங்குன்னு ஒரு தடவை சொல்லிட்டா கிடங்கு யாருக்கு வேணா இறங்கும். நடுவுல ஒருத்தன் நின்னுக்கிட்டு, 'எனக்குப் பழசுதான் தெரியும்'னு பொய் சொன்னாப் போதும். நாப்பத்தியொரு ஊருக்கும் திறந்து வச்சிருக்க நீ. உனக்குத் தெரியாதா இது?"

தெரியும். அவனுக்கு அது அவளை விட நன்றாகவே தெரியும். பூட்ஸ் நுனியால் பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஆபீஸ்ல இத்தனை பேர் இருக்காங்க. ஒப்புதலுக்கு ஏன் என் கிட்ட அனுப்பின? இந்தப் பூட்டுக்காக மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினவ நான். பக்கத்துல ரொவேனா சும்மாதானே இருந்தா?"

"ரொவேனா படிப்பா," என்றான் லைல்.

அவ்வளவுதான். அவன் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னான். அவன் பையிலிருந்த தெர்மாஸை எடுத்து அவன் தலையிலேயே போடலாமா என்று வெல்மாவுக்கு இருந்தது. ஒன்பது வருஷமாக அவனுக்கு அவள் கொடுத்து வந்த மரியாதை அந்த மூன்று விநாடிதான். அதை எண்ணிப் பார்த்து, அதற்குள் எவ்வளவு பெரிய பொய் அடங்கும் என்று அளந்து வைத்திருக்கிறான். எதிரி இதைச் செய்திருந்தால் அவளுக்கு ராத்திரி தூக்கமாவது வரும்.

"வெளிய சொல்லாத. வரியை மட்டும் எடுத்துடு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே," என்றான் அவன். மாடிக்குப் போய் டெரனிடம் எல்லாவற்றையும் சொன்னால், அவனும் அதையே வேறு வார்த்தையில் சொன்னான். "அமைதியா முடிச்சுடு வெல்மா. ஊர் ஊரா எழுதி எதுக்கு வம்பை விலைக்கு வாங்கறது?"

அவள் உட்கார்ந்து மாற்றத்தை எழுதினாள். நீக்கவேண்டியது ஒரே வரி. ஆனால் எந்த மாற்றத்தோடும் ஒரு குறிப்பு போகும், அது நாற்பத்தியொரு ஊருக்கும் தானாகவே போய்ச் சேரும். அந்தக் குறிப்பில் அவள் எழுதினாள்: 'பிப்ரவரி முதல் தேதிக்குப் பின் பழைய பூட்டுக்குக் கதவு திறக்காது என்று உங்களிடம் சொன்னேன். இன்று வரை அது திறந்தே இருந்தது. ஐந்து ஊர்களில் பெட்டி மாற்றப்படவில்லை. கதவைத் திறந்த வரியை எழுதியவர் லைல் என்ஸ். படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவள் வெல்மா ப்ரொகோப்சுக். உங்கள் பெட்டியில் வந்த நிரலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கீழே கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து செய்யுங்கள்.'

ஒப்புதலுக்கு அதை லைலுக்கு அனுப்பினாள். எழுந்துபோய் அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போயிற்று.

"படி," என்றாள்.

"உன்னோடத நான் என்னைக்குப் படிச்சேன்?"

"இன்னைக்குப் படி. நீ படிக்காம அழுத்தினா நானும் உன்னை மாதிரி ஏமாத்தினவளா ஆயிடுவேன்."

படித்தான். காது மடல் சிவந்தது. "உன் பேரையும் போட்டிருக்கியே," என்றான்.

"என் துடைப்பமும்தானே பட்டுச்சு."

"என் பேரை எடுத்துடேன். ஊழியர் ஒருவர்னு போடேன். மார்செல் எல்லாம் என்னை என்ன நினைப்பாங்க?"

"நீயே எழுது, உன் கையால. 'நான்தான் செஞ்சேன்'னு ரெண்டு வரி. அப்ப உன் பேரை எடுத்துடறேன், உன் வார்த்தையே போகட்டும்."

காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள். அந்தக் கை மேலே போகும் என்று அவளுக்குள் ஒரு மடச்சி அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள். லைல் இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். எழுந்து கோட்டை எடுத்தான், யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனான். வியாழக்கிழமை வேறு அது. துடைப்பம் அவன் மேஜையிலேயே சாய்ந்து கிடந்தது.

"ரொவேனா, இதைப் படிக்கிறியா?" என்றாள் வெல்மா.

ரொவேனா இருபத்திரண்டு நிமிஷம் படித்தாள். ஒரு கேலியும் பண்ணவில்லை. "அஞ்சு ஊருன்னு இருக்கு. எந்த அஞ்சுன்னு பேர் இல்லையே. படிக்கிறவங்க அவங்க ஊரான்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?" என்றாள். சரிதான். வெல்மா ஐந்து பெயரையும் சேர்த்தாள். ரொவேனா மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு அழுத்தினாள்.

பத்து நிமிஷத்தில் மார்செல் கூப்பிட்டார். "பெட்டியை நானே கூப்பிட வச்சுப் பார்த்தேன். பம்பு ஓடுது, பேச்சு மட்டும் நின்னுடுச்சு. சிவப்பு விளக்கு." பிறகு, "குறிப்பைப் படிச்சேன்," என்றார்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அங்க இருப்பேன், மார்செல்."

மறுநாள் விடிந்ததும் லைல் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி எலைன் கதவைத் திறந்தாள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றாள், வெல்மாவின் முகத்தைப் பார்க்காமல். கராஜில் கவிழ்த்து வைத்த படகுக்கடியில் ஐந்து பெட்டிகளும் அவள் கட்டிக்கொடுத்தபடியே இருந்தன. ஒரு நாடா கூடப் பிரியவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் காரின் பின்சீட்டில் அடுக்கினாள். கடைசிப் பெட்டியை வைக்கும்போதுதான் சீட்டு கண்ணில் பட்டது. அவளுடைய கையெழுத்து, கறுப்பு மார்க்கரில். ஊர் பெயர், தண்ணீர்க்காரர் பெயர், போன் நம்பர். அதற்குக் கீழே, 'மெதுவா ஓட்டு லைல். ரோடு மோசமா இருந்தா திரும்பிடு, நான் போய்க்கறேன்.'

ஐந்து பெட்டியிலும் அதையே எழுதியிருந்தாள். அவனும் படித்திருக்கவில்லை.

சீட்டுகளைக் கிழித்துக் கராஜ் தரையில் போட்டாள். காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள்.